கோத்தகிரி ஓடையில ஒரு நீளக்கால் ஈ: பயணக் குறிப்பு

வெள்ளிக்கிழமை

மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர் தான், ஆனா குஞ்சப்பனை தாண்டி பஸ் வளைவுல ஏற ஏற காத்தே மாறிட்டு வரும், கீழ பாக்குத்தோப்பு, நடுவுல காடு, மேல வந்துட்டா தேயிலை ஃபேக்டரி வாசம், அதுக்காகவே நான் எப்பவும் ஜன்னல் சீட்டு தான் கேப்பேன். கூட வந்தது அண்ணன் பையன், பிளஸ் ஒன் படிக்கறான், அரையாண்டு லீவு. பூச்சி பாக்கணும்னு கெளம்பல, கொஞ்சம் நடக்கணும், கேத்தரின் அருவி பாக்கணும், லாங்வுட் சோலைக்குப் போகணும், அவ்ளோதான் பிளான்.

தங்கினது அரவேணு பக்கம் ஒரு படுகர் வீட்டு மாடியில. போனதும் சுடச்சுட டீயும் வர்க்கியும் வந்துச்சு. வீட்டுக்கார அண்ணா "பொழுது இருக்கறப்பவே ஓடைப் பக்கம் போயிட்டு வந்துருங்க, இருட்டினா காட்டெருமை எறங்கும்"னு சொல்லிட்டு டார்ச் ஒண்ணும் குடுத்தாரு. தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை, அது முடியற எடத்துல ஒரு சின்ன சோலைத் துண்டு, அதுக்குள்ள ஓடை. ஓடை எங்க இருக்குன்னு இதுக்கு மேல எழுதப்போறதில்ல, ஏன்னா படிச்சுட்டு நாலு பேர் போய் கல்லப் பூரா பொரட்டிப் போட்டா அங்க இருக்கற உயிருக்கு அது நல்லதில்ல.

ஆள் உயரத்துக்கு ஒரு பாறை, அதுல இருந்து தண்ணி விழுது, மழ நின்னு ரொம்ப நாள் ஆகல, அதனால நல்ல வேகம். பாறையோட அடிப்பக்கம் குடைஞ்ச மாதிரி உள்ள போயிருக்கு, அங்க ஃபெர்ன் செடி தொங்குது. அந்த இலைங்களுக்கு அடியில தான் அதுங்க இருந்துச்சு. மெல்லிசான உடம்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மி, ஆனா காலு மட்டும் உடம்ப விட ரொம்ப நீளம், முன்னங்கால்ல இலைய பிடிச்சுட்டு மீதிக்கால தொங்கவிட்டுட்டு இருக்கு. ஒண்ணு ரெண்டு பறந்துச்சு, எங்க பறக்குதுன்னு பாத்தா அருவிச் சாரலுக்கு உள்ளயே, தண்ணி தெறிக்கற எடத்துல மேலயும் கீழயும் போயிட்டு வருது, ஒரு துளி பட்டாலே நாமெல்லாம் கொசு செத்துச்சுன்னு நெனைப்போம், இது பாட்டுக்கு திரும்பி வந்து அதே இலைக்கு அடியில ஒக்காருது.

"அத்தை, கொசுவா இது?"ன்னு கேட்டான். கொசு இல்ல, கொசுவுக்கு இருக்கற நீட்டமான ஊசி வாய் இல்ல, ரெக்கையும் வேற மாதிரி அகலமா இருக்கு. வேற என்னன்னு அந்த வெளிச்சத்துல சொல்ல முடியாது. செல்போன்ல மாட்டற மேக்ரோ லென்ஸ் வெச்சு எடுத்த வரைக்கும் எடுத்துட்டு இருட்டறதுக்குள்ள ஏறி வந்துட்டோம். ராத்திரி ராகி களியும் அவரைக் குழம்பும். கை கழுவற தண்ணி ஐஸ்.

சனிக்கிழமை

காலைல பனிமூட்டம் ஒம்பது மணி வரைக்கும் கலையல, அதனால மாடியில ஒக்காந்து நேத்து எடுத்த ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்துட்டு இருந்தோம். பையனுக்கு ஒரு விஷயம் மொதல்ல சொல்லிக் குடுத்தேன், மலை ஓடைக்கிட்ட பறக்கறது எல்லாம் ஈ கெடையாது. இங்கிலீஷ்ல மே ஃபிளை, ஸ்டோன் ஃபிளை, கேடிஸ் ஃபிளைன்னு எல்லாத்துக்கும் ஃபிளைன்னு பேர் வெச்சுட்டாங்க, ஆனா அதுக்கெல்லாம் ரெக்கை நாலு. மே ஃபிளை ரெக்கைய முதுகு மேல நிமித்தி வெச்சுக்கும், பின்னாடி ரெண்டோ மூணோ நீள வால் இருக்கும். கேடிஸ் ஃபிளை ரெக்கை பூரா முடி இருக்கும், ரெண்டு பக்கமும் சரிவா இறக்கி வெச்சுக்கும். நெஜமான ஈக்கு ரெக்கை ரெண்டே ரெண்டு தான், பின் ரெக்கை இருக்கவேண்டிய எடத்துல ஒரு குட்டி காம்பும் அதோட நுனியில ஒரு குமிழும் இருக்கும், அது பேர் ஹால்டியர். பறக்கறப்ப அது ரெக்கையோட சேந்து அடிச்சுட்டே இருக்கும், உடம்பு எந்தப் பக்கம் சாயுது திரும்புதுன்னு ஈக்கு சொல்றது அது தான். கொசுவுக்கும் அது உண்டு, அதனால கொசுவும் ஈ வகை தான்.

நம்ம பூச்சிக்கு ரெக்கை ரெண்டு, ஹால்டியர் ஃபோட்டோவுல தெளிவா தெரியுது. அப்போ ஈ தான். நீளக்கால் இருக்கற ஈன்னா எல்லாருக்கும் மொதல்ல தோணறது கிரேன் ஃபிளை, வீட்டுல லைட்டுக்கிட்ட பெரிய கொசு மாதிரி சொவத்துல முட்டிட்டு இருக்குமே அது. தொட்டா கால் கழண்டு கையில வந்துரும். அது கடிக்காது, பாவம் அத பெரிய கொசுன்னு நெனச்சு எத்தனையோ பேர் அடிச்சுக் கொன்னுடறாங்க. கிரேன் ஃபிளைக்கு ஒரு அடையாளம் இருக்கு, மேல இருந்து பாத்தா முதுகுல, அதாவது ரெக்கை முளைக்கற பகுதியில, V எழுத்து மாதிரி ஒரு பள்ளக்கோடு முழுசா ஓடும். அதோட தலை உச்சியில ஒத்தைக்கண்ணுங்க இருக்காது. ஈக்கு ரெண்டு பெரிய கண்ணு போக உச்சந்தலையில குட்டியா மூணு கண்ணு இருக்கறது உண்டு, கிரேன் ஃபிளைக்கு அது கெடையாது.

நேத்து எடுத்தது எல்லாம் பக்கவாட்டு ஃபோட்டோ, அதுல முதுகு தெரியல. பூச்சி ஃபோட்டோ எடுக்கற பலபேர் அழகா இருக்குன்னு பக்கவாட்டுலயே எடுப்பாங்க, பாக்க நல்லா இருக்கும், ஆனா அடையாளம் கண்டுபிடிக்க முதுகும் ரெக்கையும் தான் வேணும்.

பத்து மணிக்கு மேல வெயில் வந்துச்சு, திரும்ப ஓடைக்கு எறங்கினோம். பையன் பொறுமையா பாறைக்கு அடியில படுத்துட்டு இலைக்கு மேல பக்கமா செல்போன கொண்டு போனான், நான் ஒரு இலைய மெதுவா சாய்ச்சுப் பிடிச்சேன். முதுகுல V கோடு நடுவுல சேரவே இல்ல, ரெண்டு பக்கமும் ஆரம்பிச்சு பாதியில நின்னுடுது. உச்சந்தலையில மூணு குட்டிக்கண்ணு இருக்கு. பெரிய கண்ணு ஒவ்வொண்ணும் மேல பாதி கீழ பாதின்னு ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருக்கு, மேல் பாதியில கண்ணறைங்க, அதாவது கண்ணுல இருக்கற குட்டிக் குட்டி லென்ஸுங்க, பெருசு, கீழ் பாதியில சின்னது. அப்பறம் ரெக்கை. வெயிலுக்கு எதிரா ரெக்கைய பாத்தப்ப நான் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. ரெக்கையில தடிமனான நரம்பு கொஞ்சம் தான், ஆனா நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல ரொம்ப மெல்லிசான கோடுங்க வலை வலையா ஓடுது. அது நரம்பு இல்ல, மடிப்புத் தழும்பு, ரொம்ப நாள் மடிச்சு வெச்ச பட்டுப்புடவைய பிரிச்சா அந்த மடிப்பு போகாம நிக்குமே அது மாதிரி.

அந்த வலை தெரிஞ்சுட்டாலே குடும்பம் முடிவாயிருச்சு. பிளெஃபாரிசெரிடே. நெட் விங்டு மிட்ஜ்னு சொல்லுவாங்க, வலை ரெக்கை ஈ. உலகம் பூரா 300 இனத்துக்கு மேல பேர் வெச்சிருக்காங்க, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைங்கள்லயும் இருக்கு, ஆனா ஊர்க்காரங்க யாரும் இதுக்குன்னு தனியா ஒரு பேர் சொல்லிக் கேட்டதில்ல, வீட்டுக்கார அண்ணாகிட்ட காமிச்சதுக்கும் "ஓடைப் பூச்சிங்க"ன்னு தான் சொன்னாரு.

ராத்திரி சாப்பிட்டுட்டு பையன்கிட்ட சூசைநாதன் கதைய சொன்னேன். காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர், கோயமுத்தூர்ல இருந்துட்டு நீலகிரி, ஆனைமலைன்னு மலை மலையா சுத்திப் பூச்சி சேத்தவர். அவர் பிடிச்ச பூச்சிங்க வெளிநாட்டு மியூசியம் எத்தனையோல இன்னைக்கும் இருக்கு, லேபிள்ல நீலகிரி, சிங்காரா, தேவாலான்னு எடத்துப் பேரும் கடைசியில நாதன்னு அவர் பேரும் இருக்கும். அமெரிக்காவுல சார்லஸ் பி. அலெக்சாண்டர்னு ஒருத்தர், வாழ்நாள் பூரா பெரும்பாலும் கிரேன் ஃபிளையத் தான் பாத்து பத்தாயிரத்துக்கு மேல புது இனத்துக்குப் பேர் வெச்சவர், நம்ம தென்னிந்திய கிரேன் ஃபிளைங்க பலதுக்கும் அவர் விவரம் எழுதினது நாதன் அனுப்பின பூச்சிய வெச்சுத் தான். அதனாலயே நாதனி, சூசைநாதனின்னு முடியற பேருங்க பூச்சி உலகத்துல கெடக்கு. தமிழ்நாட்டுல பூச்சி படிக்கற பசங்களுக்கு இவர் பேர் தெரியணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பையன் நோட்டுல எழுதிக்கிட்டான்.

ஞாயித்துக்கிழமை

இன்னைக்குத் தான் இந்தப் பயணத்துலயே முக்கியமான நாள். பறக்கற ஈய மட்டும் பாத்துட்டு வந்தா இந்தக் குடும்பத்தப் பத்திப் பாதி கூட தெரிஞ்ச மாதிரி ஆகாது. இதோட வாழ்க்கை தண்ணிக்குள்ள தான், அதுவும் சாதாரண தண்ணி இல்ல, கால வெச்சா இழுத்துட்டுப் போற வேகத்துல ஓடற தண்ணி. கல்ல பாக்கணும்.

வீட்டுக்கார அண்ணாவே கூட வந்தாரு, மேல மழை பேஞ்சா ஓடை சட்டுனு பெருகிரும், அதனால தெரியாத எடத்துல தனியா எறங்காதீங்கன்னு கண்டிச்சு சொன்னாரு, எல்லாரும் கேக்கவேண்டிய பேச்சு அது. ஓரத்துல முழங்கால் ஆழம் கூட இல்லாத எடமா பாத்து, தண்ணி ஏடா மெல்லிசா பாறை மேல வழுக்கிட்டு ஓடற எடத்துல குனிஞ்சு பாத்தோம். கல்ல எடுக்கல, பொரட்டல, இருந்த எடத்துலயே பாத்தோம்.

மொதல்ல பிளாக் ஃபிளைங்கற குட்டிக் கடி ஈயோட புழு தான் கண்ணுல பட்டுச்சு, அது எல்லா ஓடையிலயும் கூட்டமா இருக்கும், பாறை மேல தானே நூல் மாதிரி பசை விட்டு அதுல பின்பக்கத்துக் கொக்கிய மாட்டிட்டு தலைய தண்ணி போற பக்கமா நீட்டி, விசிறி மாதிரி விரியற ரெண்டு உறுப்ப வெச்சு தண்ணியில வர்றத வடிகட்டித் திங்கும். அதுக்குப் பக்கத்துல, இன்னும் வேகமான எடத்துல, கருப்பா தட்டையா ஒண்ணு. அஞ்சாறு மில்லிமீட்டர் இருக்கும். பூச்சிப் புழுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, உடம்பு ஆறு துண்டா இடுப்பு இடுப்பா பிரிஞ்சிருக்கு, தலையும் மார்பும் வயித்தோட முதல் பகுதியும் ஒண்ணா சேந்து முன் துண்டா ஆயிருக்கு. அடியில ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உறிஞ்சு வட்டு, மொத்தம் ஆறு.

அந்த வட்டு தான் அதிசயம். நாம பாத்ரூம் சொவத்துல ஒட்டற ரப்பர் வட்டு அழுத்தினா ஒட்டும், அவ்ளோதான். இதுக்கு வட்டுக்கு நடுவுல தசையால மேல கீழ போற ஒரு பிஸ்டன் இருக்கு, அது மேல ஏறினா உள்ள அழுத்தம் கொறைஞ்சு கல்லப் பிடிச்சுக்கும். விடணும்னா வட்டோட விளிம்புல ஒரு V வெட்டு இருக்கு, அதத் தசை இழுத்துத் தொறந்தா தண்ணி உள்ள புகுந்து பிடி விட்டுரும். வட்டோட அடியில நுண்ணிய முள்ளு முள்ளா நெறைய இருக்கு, சொரசொரப்பான கல்லுலயும் வழுக்காம நிக்கறதுக்கு அது ஒதவும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. கேம்பிரிட்ஜ்ல 2021ல இதோட பிடிமானத்த அளந்து எழுதியிருக்காங்க, உடம்பு எடையப் போல பல நூறு மடங்கு இழுத்தாலும் தாங்குது.

பையன் ரொம்ப நேரம் அசையாம பாத்துட்டு இருந்தான், திடீர்னு "அத்தை, இது பக்கவாட்டுல நடக்குது!"ன்னு கத்தினான். ஆமா, அது அப்படித் தான் நகரும். முன்னாடி மூணு வட்ட விட்டுட்டு முன் உடம்ப ஒரு பக்கமா தள்ளி ஒட்டிக்கும், அப்பறம் பின்னாடி மூண விட்டுட்டு பின் உடம்ப இழுத்துக்கும். எப்பவும் பாதி உடம்பு கல்லப் பிடிச்சுட்டே இருக்கும். அந்த வேகத் தண்ணியில ஒரு நொடி முழுசா விட்டா கதை முடிஞ்சது. நகந்துட்டே கல்லு மேல ஒட்டியிருக்கற டயட்டம் பாசிய சொரண்டித் திங்கும். வேற பூச்சிங்க அதிகமா வந்து போட்டி போட முடியாத எடம், சாப்பாடு பெரும்பாலும் அதுக்குத் தான்.

கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்துல கூட்டுப்புழுங்க வரிசையா இருந்துச்சு. கருப்பா, மேல உப்பலா, அடியில தட்டையா கல்லோட ஒட்டினது, முன்பக்கம் கொம்பு மாதிரி ரெண்டு நீட்டிட்டு இருக்கும், அது மூச்சு விடற தகடு. இங்க தான் நேத்துப் பாத்த ரெக்கை வலைக்குக் காரணம் இருக்கு. மத்த பூச்சிங்க கூட்ட விட்டு வெளிய வந்ததும் கசங்கின ரெக்கைய ஊதி விரிச்சு, காயற வரைக்கும் எங்கயாவது ஒக்காந்திருக்கும். இதுக்கு அந்த வசதி எங்க இருக்கு? கூட்டுக்கு வெளிய வந்தா வெள்ளம். அதனால கூட்டுக்குள்ளயே ரெக்கை முழு அளவுக்கு வளந்து, மடிஞ்சு, ரெடியா இருக்கும். கூடு பிளந்ததும் காத்துக் குமிழோட மேல வரும், மேல வந்த ஒடனே ரெக்கைய விரிச்சுப் பறந்துரும். மடிச்சு வெச்ச எடமெல்லாம் கோடா நின்னு போச்சு. ஓடையோட வேகம் அந்த ரெக்கையில எழுதியிருக்குன்னு நான் சொன்னப்ப வீட்டுக்கார அண்ணா "இத்தன வருஷம் இந்தத் தண்ணியில தான் மூஞ்சி கழுவறேன்"னு சொல்லி அந்தக் கல்லயே பாத்துட்டு நின்னாரு. பக்கத்துல சாயங்காலம் தேயிலை பறிச்சுட்டு வந்த அக்காங்க ரெண்டு பேரும் எறங்கி வந்து லென்ஸ் வாங்கிப் பாத்தாங்க, "சாமி, இத்தினியூண்டுக்கு ஆறு வாயா"ன்னு கேட்டாங்க, வாய் இல்லக்கா பிடிக்கறதுன்னு சொன்னேன்.

பெரிய ஈ ஆனதும் என்ன திங்கும்னு பையன் கேட்டான். இந்தக் குடும்பத்துல பல இனத்துல பொம்பள ஈக்கு வெட்டற தாடை இருக்கும், சின்னச் சின்னப் பூச்சிய நீளக்கால்ல பிடிச்சுத் திங்கும், வேற சிலது பூத்தேன் குடிக்கும், அதுல ஒரு பேரினத்துக்கு (நெருங்கின சொந்த இனங்களச் சேத்த தொகுப்பு) நீள உறிஞ்சுகுழலே உண்டு. மனுசனக் கடிக்காது.

இந்த வகை வாழ்க்கைய நம்ம நாட்டுல பொறுமையா பாத்து எழுதினவர் சுந்தர் லால் ஹோரா. 1896ல பொறந்தவர், கல்கத்தாவுல ஜூவாலஜிக்கல் சர்வேயில இருந்தவர், பின்னாடி அதுக்கே டைரக்டர் ஆனவர். மீனுக்காரர்னு தான் நெறைய பேருக்குத் தெரியும், ஆனா மலை ஓடை வெள்ளத்துல மீன், தலைப்பிரட்டை, பூச்சி எல்லாம் எப்படி ஒட்டிக்கிட்டு வாழுதுன்னு 1930ல எழுதின கட்டுரை பெருசா பேசப்பட்டது. அதே 1930ல டொன்வார்னு ஒரு பெல்ஜியம் நாட்டுப் பூச்சி அறிஞர் நம்ம ஊர் வலை ரெக்கை ஈக்களோட ஒரு பேரினத்துக்கு ஹோரையான்னு ஹோரா பேரயே வெச்சாரு. எங்கயோ ஒரு ஓடைப் பாறையில ஒட்டிட்டு இருக்கற புழுவுக்கு அத உக்காந்து பாத்தவரோட பேர், இத விடப் பொருத்தமா ஒரு மரியாதை கெடையாது.

திங்கக்கிழமை

காலைல லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் தான், ஆனா 2024ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு, கோத்தகிரி சுத்துவட்டாரத்துக்குத் தண்ணி குடுக்கற எடம். அட்டை ஏறுது, உப்பும் வேப்பெண்ணெயும் கொண்டு போங்க. அங்க பாத்த பறவைங்களப் பத்தி தனியா எழுதறேன், இங்க ஈ கதையே முடியல.

மத்தியானம் திரும்ப ஓடைக்கு, ஆனா இந்தத் தடவ மேல இல்ல, கீழ. அதே தண்ணி, வீடுங்களும் கேரட் தோட்டமும் தாண்டி ரோட்டுப் பாலத்துக்கு அடியில ஓடற எடம். வேகம் அங்கயும் இருக்கு, பாறையும் இருக்கு. ஆனா கல்லு மேல கைய வெச்சா மெழுகின மாதிரி சேறு, தோட்டத்து மண்ணு மழையில கரைஞ்சு வந்து படிஞ்சது. ரொம்ப நேரம் தேடியும் ஆறு வட்டுப் புழு ஒண்ணு கூட இல்ல, பாலத்துக்கு அடியில பெரிய ஈயும் இல்ல. சேறு படிஞ்ச கல்லுல வட்டு பிடிக்காது, டயட்டமும் சரியா வளராது, தண்ணியில ஆக்சிஜன் கொறைஞ்சா அதுக்கு மூச்சும் கெடையாது. ஓடைத் தண்ணி எப்படி இருக்குன்னு பூச்சிய வெச்சு மதிப்பெண் போடற முறை ஒண்ணு இருக்கு, 0ல இருந்து 10 வரைக்கும், அழுக்க எவ்ளோ தாங்குதோ அவ்ளோ அதிக மார்க். இந்தக் குடும்பத்துக்கு அதுல 0. துளி கூடத் தாங்காது. அதனால வலை ரெக்கை ஈ இருக்குன்னு தெரிஞ்சா அந்த ஓடை இன்னும் நல்லா இருக்குன்னு தைரியமா சொல்லலாம், எந்த மிஷினும் வேண்டாம். கேரட் தோட்டத்துக்காரங்கள நான் கொற சொல்லல, அவங்க பொழப்பு அது. ஆனா ஓடைக்கரையில ஒரு பத்தடி புல்லும் புதரும் விட்டு வெச்சா மண்ணு எறங்காது, தோட்டத்து மண்ணும் மிச்சம். அண்ணா அவர் தம்பி தோட்டத்துல அத சொல்லிப் பாக்கறேன்னாரு.

குடும்பம் தாண்டி இனம் வரைக்கும் போகணும்னா ஆண் ஈயோட பின்நுனி அமைப்ப மைக்ராஸ்கோப்ல பாக்கணும், அதுக்குப் பூச்சிய பிடிச்சு ஸ்பிரிட்ல போடணும், அனுமதி வாங்கி ஆராய்ச்சி பண்றவங்க செய்யவேண்டிய வேலை. நாங்க ஃபோட்டோவோட நிறுத்திக்கிட்டோம்.

நீங்க குற்றாலத்துக்கோ கொல்லிமலைக்கோ மேகமலைக்கோ வால்பாறைக்கோ போறப்ப அருவிச் சாரல்ல நீளக்கால் ஈ பாத்தீங்கன்னா, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க, முதுகு தெரியற மாதிரி மேல இருந்து ஒண்ணு, ரெக்கை வெளிச்சத்துக்கு எதிரா ஒண்ணு கட்டாயம், முடிஞ்சா முகத்துக்கு நேரா. அப்பறம் பக்கத்துலயே வேகத் தண்ணி வழுக்கற பாறைய கல்ல அசைக்காம பாருங்க, கருப்பா உப்பலா கொம்பு வெச்ச கூடு ஒட்டியிருந்தா அதையும் எடுங்க. எந்த மாசம், எந்த ஊர் மலைன்னு எழுதி எனக்கு அனுப்புங்க, பையன் ஒரு மேப்ல குறிச்சுட்டு வர்றான்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல நின்னு இத டைப் பண்றேன். மேட்டுப்பாளையம் பஸ் வந்துருச்சு.